ஏடும் ஆட்டமும்: மட்டக்களப்பு உடம்பை ஆய்வேட்டில் எழுதிய கதை

"கேமைப் பற்றி எழுதிக் கலாநிதிப் பட்டமா?" இந்தக் கேள்வியைச் சிரிக்காமல் கேட்கிற ஆள் எங்கட பக்கம் குறைவு. வீட்டில் சொன்னால் "முதல்ல போனைக் கீழ வை" என்று பதில் வரும். கம்பஸில் சொன்னால் கொஞ்சம் மரியாதையாக, "இதை எந்தத் துறைக்குள்ள போடுறது?" என்று கேட்பார்கள். இரண்டுக்கும் அடியில் இருக்கிற எண்ணம் ஒன்றுதான். விளையாட்டு நேரம் போக்குகிற சோலி, படிப்பு வேறு சோலி. அதிலும் உடம்பால் விளையாடுவதைப் பற்றி எழுத என்னதான் இருக்கிறது?

வெளிநாட்டில் இந்தக் கேள்விக்கு நாற்பது வருசத்துக்கு மேலான வரலாறு இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் பிறகு வருவோம். மட்டக்களப்பு வாவியைச் சுற்றி இருக்கிற ஊர்களில் இதே கேள்வி அதைவிட முன்னரே கேட்கப்பட்டுவிட்டது. அப்போது கேமின் இடத்தில் இருந்தது கூத்து. "கூத்தைப் பற்றி என்னத்துக்கு ஆராய்ச்சி? அது படிக்காத சனம் ஆடுறது" என்ற நினைப்பைத் தாண்டித்தான் கூத்து பல்கலைக்கழகத்துக்குள் போனது. போன பிறகு இன்னொரு சிக்கல் வந்தது. ஆட்டத்தை எப்படித் தாளில் எழுதுவது? அந்தச் சிக்கலை எங்கட ஆய்வாளர்கள் எப்படிக் கையாண்டார்கள், எங்கே வென்றார்கள், எங்கே கோட்டை விட்டார்கள் என்று தெரிந்துகொண்டால், நாளைக்கு வீடியோ கேமைப் பற்றி எழுதப்போகும் ஒரு பிள்ளை வெறுங்கையோடு தொடங்கத் தேவையில்லை.

ஒரு சொல், பல வேலை

முதலில் சொல்லைப் பார்ப்போம். கிரிக்கெட் வர்ணனையில் ஒருவர் 'ஆட்டமிழந்தார்' என்கிறோம். கூத்தில் ஆடுபவர் 'ஆட்டக்காரர்'. கோயில் சடங்கில் கலை வந்தவரைத் 'தெய்வம் ஆடுறார்' என்கிறோம். பொடியன் அளவுக்கு மிஞ்சினால் 'ஆட்டம் போடுறான்'. விளையாட்டு, நடனம், வழிபாடு, குழப்படி நாலுக்கும் ஒரே சொல்தான், நாலிலும் அசைகிறது உடம்புதான். டச்சு வரலாற்றாசிரியர் ஜோஹான் ஹொய்சிங்கா 1938இல் 'ஹோமோ லுடென்ஸ்' என்ற நூலில், சடங்கு, சட்டம், போர், கவிதை எல்லாவற்றிலும் விளையாட்டு ஊறிக் கிடக்கிறது என்று வாதிட்டார். ஐரோப்பியருக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க ஒரு முழுப் புத்தகம் தேவைப்பட்டது. கொம்புமுறி பார்த்து வளர்ந்த ஒரு மட்டக்களப்பாருக்கு அவ்வளவு விளக்கம் தேவைப்பட்டிராது.

கொம்புமுறி தெரியாதவர்களுக்காக ஒரு சிறு குறிப்பு. கண்ணகி வழிபாட்டோடு சேர்ந்த விளையாட்டு இது. ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். ஒரு சேரி கண்ணகிக்கு, மற்றது கோவலனுக்கு. வளைந்த இரண்டு மரக் கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு கட்டி, இரண்டு பக்கமும் இழுப்பார்கள். ஒரு கொம்பு முறியும் வரைக்கும் இழுவை நடக்கும். முறிந்த பக்கத்தைப் பார்த்து மற்றப் பக்கம் வசைபாடும். யார் எந்தச் சேரி என்பது பரம்பரையாக வருவது, ஆள் நினைத்தபடி மாற்றமுடியாது. மழை வேண்டியும் நோய் தீரவும் இதை விளையாடினார்கள். தென்னிலங்கையில் சிங்களக் கிராமங்களில் இதே விளையாட்டு 'அங்கெலிய' என்ற பெயரில் பத்தினி தெய்வத்துக்காக நடந்தது. மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெருநூலில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

இரண்டு அணி, விதிகள், வெற்றி தோல்வி, தோற்றவரைச் சீண்டும் பேச்சு. இன்று போனில் ஸ்குவாட் பிடித்து விளையாடுகிறவர்களுக்கு இது ஒன்றும் அந்நியமான விசயம் இல்லை. ஆனால் கொம்புமுறியைப் பற்றி ஏதாவது வாசிக்கத் தேடினால் பெரும்பாலும் கைக்கு வருவது அதன் பாடல்களும் கதைகளும்தான். கயிற்றை இழுக்கும்போது கால் எப்படி மண்ணில் ஊன்றப்பட்டது, பல பேர் ஒரே நேரத்தில் மூச்சுப் பிடிக்க எப்படிப் பழகினார்கள் என்பதெல்லாம் எழுத்துக்கு வருவது அரிது.

களரியில் நடப்பது என்ன?

கூத்திலும் இதுதான் கதை. மட்டக்களப்புக் கூத்தில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு பெரிய வகை. வடமோடியில் பாரதம், இராமாயணம், போர். உடுப்பும் அதற்கேற்ற பாரம். தலையில் கெருடம், இடுப்பில் கரப்புப் போல விரிந்து நிற்கும் கரப்புடுப்பு. தென்மோடியில் உடுப்பு இலேசு, ஆட்டமும் பாட்டும் வேறு நடை. இவை தவிர வசந்தன், மகிடி, பறைமேளக் கூத்து என்று வேறு ஆட்டங்களும் உண்டு.

ஒரு பொடியன் கூத்துக்காரனாவது ஒரு இரவில் நடப்பதில்லை. முதலில் 'சட்டம் கொடுத்தல்'. அண்ணாவியார் யாருக்கு எந்தப் பாத்திரம் என்று தீர்மானித்து, அந்த ஆளுக்குரிய பாட்டையும் வசனத்தையும் கையில் கொடுப்பார். மறுகா மாதக்கணக்கில் ஆட்டப் பழக்கம். வேலை முடிந்து, சாப்பிட்டு, இரவில்தான் பழகுவார்கள். தாளக்கட்டை அண்ணாவியார் வாயால் சொல்வார், மத்தளத்தில் அடிப்பார், கால் அதைப் பிடிக்க வேண்டும். கால் பிடித்த பிறகு 'சதங்கை அணிதல்'. அன்றைக்குத்தான் காலில் சதங்கை ஏறும். பிழையாக வைக்கும் அடி அதற்குப் பிறகு ஊருக்கே கேட்கும். அடுத்தது 'அடுக்குப் பார்த்தல்', முழுக் கூத்தையும் வரிசையாக ஆடிப் பார்க்கிறது. கடைசியில் அரங்கேற்றம், இரவு தொடங்கி விடியும் வரை.

அரங்கு வட்டமானது. வட்டக்களரியின் நடுவில் அண்ணாவியாரும் மத்தளமும் தாளமும் பிற்பாட்டுக்காரரும். அவர்களைச் சுற்றி ஆட்டக்காரர் ஆடி வருவார். பார்க்கிற சனம் நாலு பக்கமும் இருக்கும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனி வரவுத் தாளம் இருக்கிறது. அரசன் வருகிற அடியும் கட்டியகாரன் வருகிற அடியும் ஒன்றில்லை. கண்ணை மூடிக் கேட்டாலும் களரிக்கு வந்தது யார் என்று பழகியவர்கள் சொல்லிவிடுவார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. கூத்தில் ஏடு பார்க்கிறதுக்கு ஒரு ஆள் இருப்பார். பாட்டு மறந்தால் அவர் எடுத்துக் கொடுப்பார். ஆட்டம் மறந்தால் ஏட்டில் தேடிப் பயனில்லை. அது அண்ணாவியாரின் வாயிலும் கையிலும், ஆட்டக்காரரின் காலிலும்தான் இருக்கிறது. பிரெஞ்சுச் சமூகவியலாளர் மார்செல் மோஸ் இதைத்தான் 'உடம்பின் நுட்பங்கள்' என்றார். 1935இல் அச்சான அவருடைய கட்டுரையில் முதலாம் உலகப்போர்க் கதை ஒன்று வருகிறது. பிரெஞ்சுப் படையிடம் இருந்து பதுங்குகுழிகளைப் பொறுப்பெடுத்த ஆங்கிலச் சிப்பாய்களுக்கு பிரெஞ்சு மண்வெட்டியால் கிண்டத் தெரியவில்லை. ஒரு டிவிசனுக்கு 8,000 மண்வெட்டி மாற்ற வேண்டி வந்ததாம். கிண்டுவதுகூட ஒரு ஊர் தன் உடம்புக்குப் பழக்கிக் கொடுப்பது என்பது அவருடைய கருத்து. அதே கட்டுரையில் இன்னொரு கதை. நியூயோர்க்கில் நோயாளியாகப் படுத்திருந்தபோது, தாதிமார் நடக்கும் நடையை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்ததாம். யோசித்தால், சினிமாவில். பாரிஸுக்குத் திரும்பினால் அங்கேயும் பெண்கள் அந்த நடை நடக்கிறார்கள். திரையில் பார்த்தது காலுக்கு இறங்குகிறது என்று ஒருவர் 1930களிலேயே எழுதிவிட்டார்.

ஏட்டைக் காப்பாற்றியவர்கள்

மட்டக்களப்பின் ஆட்டங்கள் அச்சுக்கு வந்தபோது முதலில் வந்தது ஏடுதான். 1940இல் தி. சதாசிவ ஐயர் 'மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு' பதிப்பித்தார். கோல் அடித்து ஆடும் வசந்தனின் பாட்டுகள் அதனால் பிழைத்தன. 1960இல் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு நாட்டுப்பாடல்களைப் பதிப்பித்தார். 1962இல் 'அலங்கார ரூபன் நாடகம்' என்ற தென்மோடிக் கூத்தும் அவர் பதிப்பில் அச்சேறியது. இவை இல்லையென்றால் இன்று எங்களிடம் பலது இருந்திராது. ஆனால் அலங்கார ரூபன் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் அலங்கார ரூபனை ஆட முடியாது. ஏடு இருக்கும், கால் இருக்காது.

ஏடு போதாது என்று இதற்கு முன்னரே உணர்ந்தவர் எங்கட காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர். சேக்ஸ்பியரையும் வடமொழி நாடக இலக்கணத்தையும் வைத்து 1926இல் 'மதங்க சூளாமணி' எழுதியவர். பின்னர் பழந்தமிழரின் யாழைத் தேடிப் போனார். விஞ்ஞானம் படித்தவர் என்பதால் சுருதிகளைக் கணக்குப் போட்டார். அதோடு நிற்கவில்லை. கணக்கின்படி யாழ்களைச் செய்வித்து, வாசித்துக் காட்ட வைத்தார். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் 'யாழ்நூல்' அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் காலமானார். யாழைப் பற்றிய ஆராய்ச்சி யாழ் ஒலிக்கும்போதுதான் முழுமை பெறும் என்ற அந்த நினைப்பை நாங்கள் போதிய அளவு பேசவில்லை.

வித்தியானந்தன் இரண்டாவது வழியையும் எடுத்தார். 1956இல் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர 'மனமே' நாடகத்தால் சிங்கள அரங்கைத் திருப்பிப் போட்டிருந்தார். தமிழில் அதற்கு ஈடான வேர் எங்கே என்று தேடிய வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை எடுத்துப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார். வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் மாணவர்களுக்கு ஆட்டம் பழக்கினார். அதுவரை புலமை என்றால் சங்க இலக்கியமும் கல்வெட்டும் என்றிருந்த இடத்தில், ஒரு கிராமத்து அண்ணாவியார் ஆசானாக நின்றார். 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' என்று 1960களில் வரிசையாக மேடையேற்றம்.

இதற்கு ஒரு விலை இருந்தது. விடிய விடிய ஆடியது ஒன்றிரண்டு மணி நேரமாகச் சுருங்கியது. வட்டக்களரி, ஒரு பக்கம் மட்டும் திறந்த மேடையானது. நாலு பக்கமும் பார்த்து ஆடிய உடம்பு ஒரு பக்கம் பார்த்து ஆடப் பழகியது. இதை வளர்ச்சி என்பாரும் இருக்கிறார்கள், இழப்பு என்பாரும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் நியாயம் உண்டு. அந்த மேடை இல்லையென்றால் படித்த தமிழர் கூத்தைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த மேடையைப் பார்த்தவர்கள் எல்லாரும் வட்டக்களரியைத் தேடி ஊருக்கு வந்தார்களா என்றால், அதுவும் இல்லை.

ஆடியவரே எழுதியபோது

பேராதனை மேடையில் கர்ணனாகவும் இராவணனாகவும் ஆடிய மாணவர், அமிர்தகழியில் பிறந்த சி. மௌனகுரு. அவர் பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்கு எடுத்த பொருள் மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்கள். அந்த ஆய்வு 1998இல் 'மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்' என்ற பெரிய நூலாக வந்தது. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் இருந்தவர்.

கலாநிதிப் பட்டத்துக்கு நாடகத்தை எடுத்தவர் அவர் மட்டுமில்லை. பேராசிரியர் கா. சிவத்தம்பி இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் தொம்சனிடம் பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகத்தை ஆராய்ந்தார். அந்த ஆய்வேடு 1981இல் நூலானது. அது இலக்கியச் சான்றுகளில் இருந்து ஒரு காலத்து அரங்கைக் கட்டி எழுப்பிய வேலை. மௌனகுருவின் நிலை வேறு. அவர் எழுதப்போன பொருள் அவருடைய காலிலேயே இருந்தது. பழகும் முறை, தாளக்கட்டு, ஆட்டக் கோலம், உடுப்பு, களரி, ஊரின் சாதி அமைப்பு, கோயில் எல்லாம் ஆய்வேட்டுக்குள் வந்தது அதனால்தான். ஆடத் தெரிந்த ஆளுக்கு எதைக் கேட்க வேண்டும் என்று தெரியும்.

பின்னாளில் இதற்கும் ஒரு மறுகேள்வி வந்தது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சி. ஜெயசங்கரும் 'மூன்றாவது கண்' நண்பர்களும் 2000களின் தொடக்கத்தில் சீலாமுனை ஊராரோடு சேர்ந்து 'சிம்மாசனப் போர்' கூத்தை மீளுருவாக்கம் செய்தார்கள். அவர்களுடைய வாதம் இதுதான்: கூத்தை ஊரில் இருந்து எடுத்து மேடைக்குக் கொண்டுபோய்த் திருத்துவதை விட, ஊருக்குள்ளே, ஆடுகிறவர்களோடு பேசி, வட்டக்களரியிலேயே காலத்துக்கேற்ப மாற்றலாம். அப்போது ஆராய்கிறவர், ஆராயப்படுகிறவர் என்ற பிரிவே கேள்விக்குள்ளாகிறது. அண்ணாவியார் வெறும் 'தகவல் தந்தவர்' என்று முன்னுரையின் கடைசிப் பந்தியில் நன்றி வாங்கிப் போகிறவரா, அல்லது அந்த அறிவின் சொந்தக்காரரா?

ஆக, எங்கட பக்கத்தில் ஆட்டத்தை ஆய்வு செய்த கதையில் மூன்று படி இருக்கிறது. ஏட்டைப் பதிப்பித்தல், ஆடியவரே எழுதுதல், ஆடுகிற சமூகத்தோடு சேர்ந்து செய்தல். இதைக் கையில் வைத்துக்கொண்டு வீடியோ கேம் பக்கம் போவோம். அங்கேயும் கிட்டத்தட்ட இதே படிகள்தான்.

பந்து, குமிழ், இரண்டு பெருவிரல்

1985இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் மேரி ஆன் பக்கிள்ஸ் 'அட்வென்சர்' என்ற கணினி விளையாட்டைப் பற்றிக் கலாநிதி ஆய்வேடு எழுதினார். படமே இல்லாத கேம் அது. எழுத்தில் குகை விவரிக்கப்படும், நீங்கள் சொல் தட்டிப் போக வேண்டும். கணினி விளையாட்டைப் பற்றிய முதல் ஆய்வேடுகளில் ஒன்றாக இதைச் சொல்வார்கள். அவர் இருந்தது இலக்கியத் துறை, ஆகவே கேமை இலக்கியமாக வாசித்தார். 1997இல் நோர்வேயின் எஸ்பன் ஆர்செத் தன் கலாநிதி ஆய்வில் இருந்து 'சைபர்டெக்ஸ்ட்' நூலைக் கொண்டுவந்தார். கேமை வாசிப்பவர் உழைத்தால்தான் அந்தப் பிரதி நகரும் என்றார். அதன் பிறகு கேம் கதையா, விதிகளா என்று ஆய்வாளர்கள் வருசக்கணக்கில் சண்டை பிடித்தார்கள். கதை என்றாலும் விதி என்றாலும் இரண்டும் ஏடுதான். ஆடுகிற கை எங்கே?

அந்தக் கையை 1983லேயே ஒருவர் எழுதியிருந்தார். டேவிட் சட்னோ என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், பியானோவும் வாசிப்பவர். ஜாஸ் பியானோ பழகும்போது தன் விரல்களுக்கு என்ன நடந்தது என்று 1978இல் ஒரு புத்தகம் எழுதியவர். பிறகு அட்டாரியின் 'பிரேக்கவுட்' அவரைப் பிடித்தது. ஒரு குமிழைத் திருப்பி, கீழே உள்ள மட்டையை நகர்த்தி, பந்தை அடித்து மேலே உள்ள கற்களை உடைக்க வேண்டும். அவ்வளவுதான் கேம். அதைத் தவறில்லாமல் ஆட வாரக்கணக்கில் முயன்று, கண் எங்கே பார்க்க வேண்டும், மணிக்கட்டு எவ்வளவு திரும்ப வேண்டும், பதற்றம் எப்போது ஏறுகிறது என்று ஒவ்வொன்றாக எழுதினார். அதை வாசிக்கும்போது கூத்துப் பழக்கம் ஞாபகம் வராமல் இருக்காது. தாளம் காலுக்குள் இறங்குவதும் பந்தின் வேகம் மணிக்கட்டுக்குள் இறங்குவதும் ஒரே மாதிரி நடக்கிற காரியம். முதலில் யோசித்துச் செய்வீர்கள். மறுகா யோசித்தால்தான் பிழைக்கும்.

அவுஸ்திரேலியாவின் பிரெண்டன் கியோ தன் கலாநிதி ஆய்வை இந்த இடத்தில் இருந்து எடுத்தார். அது 2018இல் நூலாக வந்தது. கேமை ஆடும்போது உடம்பு திரைக்கு முன்னாலும் இருக்கிறது, திரைக்குள்ளும் இருக்கிறது. கண், காது, கை, கையில் உள்ள கருவி, திரையில் ஓடும் உருவம் எல்லாம் ஒரு சுற்றாக இணைந்து ஆட்டம் நடக்கிறது என்பது அவருடைய வாதம். அவர் இன்னொன்றும் சொல்கிறார். பழகியவர்களுக்குக் கன்ட்ரோலர் கையில் இருப்பதே தெரியாது. பழகாதவர்களுக்கு அது ஒரு மூடிய கதவு. யாருக்குப் பழக நேரமும் காசும் இடமும் கிடைத்தது என்பதில்தான் 'நல்ல கேமர்' உருவாகிறார்.

இந்த இடத்தில் எங்கட ஊருக்குத் திரும்பலாம். கூத்தில் மரபாகப் பெண் பாத்திரத்தையும் ஆண்தான் ஆடினார். இரவுப் பழக்கத்துக்குப் பெண் பிள்ளைகள் போனதில்லை. எந்தக் கூத்தை யார் ஆடலாம் என்பதில் சாதி இருந்தது. கேமிலும் இதே கேள்விகளைப் போடுங்கள். நெட் கஃபே காலத்தில் வைஸ் சிட்டி ஓடிய கதிரைகளில் யார் இருந்தார்கள்? இன்று போன் எல்லாரிடமும் இருக்கிறது, ஆனால் இரவு பதினொரு மணிக்கு மைக்கைத் திறந்து வைத்துச் சத்தம் போட்டு விளையாட ஒரு பொம்பிளைப் பிள்ளைக்கு வீட்டில் இடம் இருக்கிறதா? தன் குரலைக் காட்டாமல் விளையாடுகிறவர்கள் யார்? 'உடம்போடு விளையாடுதல்' என்று ஆய்வில் சொல்வது யாருடைய உடம்பு என்று கேட்கவேண்டிய இடம் இது.

அடுத்தது இன்னும் கனமான கேள்வி. 2018இல் பப்ஜி மொபைல் வந்தது. சுருங்கி வரும் வட்டம், ஒளிந்திருத்தல், எங்கிருந்து வெடி வருகிறது என்று ஹெட்போனில் காது கொடுத்துக் கேட்டல். எங்கட பெற்றோருக்கு இதெல்லாம் கேமாக இருந்ததில்லை. வெடிச் சத்தத்தை வைத்துத் தூரம் கணிக்க அவர்களுடைய காது உண்மையிலேயே பழகியது. 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாக இருந்தவர்களில் 158 பேர் படையினரால் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பி வரவில்லை. செல்லையா அண்ணாவியாரின் ஊர், கூத்து ஆய்வு நடந்த பல்கலைக்கழகம், இந்தச் சம்பவம் மூன்றும் ஒரே இடம். அந்த வளாகத்தில் இருந்து ஒரு மாணவர் துப்பாக்கிக் கேமைப் பற்றி எழுதும்போது, கலிபோர்னியாவில் இருந்து எழுதுகிறவர் எழுத முடியாத ஒன்றை எழுதலாம். ஒரே வீட்டில், ஒரே சத்தத்துக்கு, தாயின் உடம்பு ஒரு மாதிரியும் மகனின் உடம்பு வேறு மாதிரியும் திரும்புகிறதே, அது ஏன்? 'வன்முறைக் கேம் பிள்ளைகளைக் கெடுக்கும்' என்ற பழைய பாட்டை விட இது பெரிய கேள்வி.

என்ன போகும், என்ன நிற்கும்

போர்க்காலத்தில் இரவு முழுக்க ஆட்டம் என்பதே அபாயமாக இருந்தது. ஊரடங்கும் சோதனைச் சாவடியும் இருந்த இடத்தில் விடிய விடிய மத்தளம் அடிக்க முடியாது. ஆட்கள் இடம்பெயர்ந்தார்கள், செத்துப்போனார்கள், வெளிநாடு போனார்கள். ஒரு அண்ணாவியார் போனால் அவர் ஏடு பெட்டிக்குள் இருக்கும், ஆட்டம் அவரோடு போகும். கூத்து இன்றைக்கும் உயிரோடு இருக்கிறதென்றால், அதற்குக் காரணம் பழக்குகிறவரும் பழகுகிறவரும் திரும்பவும் ஒரு களரியில் சந்தித்ததுதான்.

கேம் அழியாது, அது இன்டர்நெட்டில் எப்பவும் இருக்கும் என்று நினைப்பது பிழை. 2020 டிசம்பர் 31ஆம் திகதியோடு பிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவு நின்றது. அதில் செய்த கணக்கில்லாத சின்னச் சின்ன கேம்கள் பிரவுசரில் திறக்காமல் போயின. சிலதை ஆர்வலர்கள் சேமித்து வைத்தார்கள். ஒன்லைன் கேமின் சேர்வரை நிறுவனம் நிறுத்தினால் அன்றோடு சரி. கோட் எங்கேயாவது மிஞ்சினாலும், 2010இல் மட்டக்களப்பு டவுனில் ஒரு கஃபேயில் நாலு பேர் ஒரு கீபோர்டைப் பகிர்ந்து எப்படி விளையாடினார்கள், என்ன சொல்லிக் கத்தினார்கள், தோற்றவனை எப்படிப் பகிடி பண்ணினார்கள் என்பது கோடில் இல்லை. அதுவும் கொம்புமுறிக் கயிற்றில் ஊன்றிய கால் மாதிரித்தான். எழுதாவிட்டால் போய்விடும்.

ஆகவே, இதை ஆய்வாக எடுக்க நினைக்கிற ஒருவருக்கு எங்கட கூத்து ஆய்வு வரலாறு கையில் தருவது இவ்வளவு.

முதலாவது, நீங்கள் ஆடுங்கள். ஆடாமல் எழுதினால் ஏடு மட்டும்தான் மிஞ்சும். ஆனால் உங்கள் கையை மட்டும் நம்பாதீர்கள். நீங்கள் கெட்டிக்காரராக இருந்தால் பழகுவதன் கஷ்டம் உங்களுக்கு மறந்துபோயிருக்கும். புதிதாகப் பழகும் ஒருவருக்குப் பக்கத்தில் இருந்து பாருங்கள். உம்மா, அம்மா, அம்மம்மா யாராவது ஒருவரின் கையில் போனைக் கொடுத்துப் பாருங்கள்.

இரண்டாவது, பழக்கும் முறையைக் குறித்து வையுங்கள். யார் யாருக்குச் சொல்லிக் கொடுத்தார், என்ன சொல்லால் சொல்லிக் கொடுத்தார், எத்தனை நாளில் கை பிடித்தது. கூத்தில் சட்டம் கொடுத்தலில் இருந்து அரங்கேற்றம் வரை பெயர் இருக்கிறது. கேமுக்கு அந்தப் பெயர்கள் இன்னும் எழுதப்படவில்லை. பொடியன்மாரின் வாயில் இருக்கின்றன.

மூன்றாவது, களரியை வரையுங்கள். எந்த அறை, எத்தனை மணி, எந்தப் போன், எவ்வளவு டேட்டா, யார் பக்கத்தில். வட்டக்களரி மேடையாக மாறியபோது ஆட்டமே மாறியது. கஃபேயில் இருந்து கட்டிலுக்கு கேம் போனபோதும் ஏதோ மாறியிருக்கிறது.

நாலாவது, உங்களோடு பேசியவர்களை ஆய்வின் பங்காளிகளாக வையுங்கள். பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று உங்களுக்கு ஒரு கேமைப் பழக்கினால், அந்தப் பிள்ளைதான் உங்களுக்கு அண்ணாவியார்.

'எந்தத் துறைக்குள்ள போடுறது?' என்று கேட்டவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. மட்டக்களப்பிலேயே நுண்கலை படிப்பிக்கிறார்கள், கல்லடியில் சுவாமி விபுலாநந்தரின் பெயரிலேயே ஒரு அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. சமூகவியல் இருக்கிறது, கணினி இருக்கிறது. கூத்துக்கும் ஒரு காலத்தில் துறை இருந்ததில்லை. ஆடியவர்கள் எழுதத் தொடங்கிய பிறகுதான் துறை வந்தது.